லுவா எழுதாத பரீட்சை

ஃபோங் வருகைப் பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவின் முனையை முதல் பெயரிலிருந்து மெல்லக் கீழே இறக்கத் தொடங்கினால், ஒன்பதாம் வகுப்பின் நாற்பத்தொரு பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பேனா எந்தப் பெயரில் நிற்கிறதோ அந்தப் பிள்ளை எழுந்து வந்து முந்தின நாள் ஆங்கிலப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். ஆனால் ஃபோங் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவான், மேலே போவான், மறுபடி இறங்குவான். பிள்ளைகள் மேசைக்கடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

செப்டம்பரில், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், பேனா லுவாவின் பெயரில் நின்றது. அவள் இடம் காலியாக இருந்தது.

"எங்க இவ?"

"மீன் பிடிக்கப் போயிருக்கா சார்," என்றான் வகுப்புத் தலைவன். "வெள்ளம் ஏறிடுச்சில்ல. அவளுக்குப் பாதி வருஷம் பள்ளிக்கூடம், மீதி வருஷம் ஆறு."

வகுப்பு சிரித்தது. ஃபோங் சிரிக்கவில்லை. அவன்தான் அந்த வகுப்புக்குப் பொறுப்பாசிரியர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தேறுவார்கள் என்பதெல்லாம் அவன் தலையில்.

மறுநாள் லுவா வந்தாள். வெள்ளைச் சட்டையின் கைகளில் வலை உரசிய கறை.

"மீன் வந்து உனக்குப் பரீட்சை எழுதாதும்மா."

"தெரியும் சார். ஆனா மீனுக்கு லீவு சொல்ல முடியாதே. அது இந்த ரெண்டு மாசந்தான் வரும். பாடம் வருஷம் பூரா இருக்கு."

வாயாடி என்று நினைத்துக்கொண்டான். அவளை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னான். எழுத்துக்கூட்டித் திணறினாள். ஆனால் அவன் ஒருமுறை வாசித்துக் காட்டியதும் அப்படியே, அவன் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, திருப்பிச் சொன்னாள். இருமியது உட்பட. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குக் காது இருக்கிறது, கைதான் இல்லை என்று அன்றைக்குப் பதிவேட்டின் ஓரத்தில் ஃபோங் குறித்து வைத்தான்.

அந்தக் காதுக்காகவே அவளை விட மனம் வரவில்லை. இடைவேளைகளில் நடைபாதைச் சுவரோரம் நிற்கவைத்து நாளைக்குப் பத்துச் சொல் எழுதவைத்தான். ஐந்தைத் தப்பாக எழுதுவாள். அடுத்த வாரம் நான்கு.

ஃபோங்கும் வாத்து மேய்ப்பவரின் மகன்தான். அறுவடை முடிந்த வயல்களில் அப்பாவோடு நாணல் குச்சி பிடித்து நடந்தவன். அவன் குக்கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு முன்னோர் பூசை மாடத்துக்கு நேர்கீழே மாட்டியிருந்தார் அப்பா. மாடத்தைத் துடைக்கும் துணியாலேயே தினமும் காலையில் அதையும் துடைப்பார். பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் அவனுக்குக் கட்-ஆஃபுக்கு மேல் அரை மதிப்பெண்தான் இருந்தது. அந்த அரை மதிப்பெண் இல்லையென்றால் அவனும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியிருப்பான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் இருபதாம் தேதி ஆசிரியர் தினம். பிள்ளைகள் கண்ணாடித்தாள் சுற்றிய ரோஜாக்களோடு வந்தார்கள். லுவாவின் அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் ஊருக்கே அவள் 'ஊத்', அதாவது கடைக்குட்டி. நாற்பது வயதான பிறகும் கடைக்குட்டிதான். புருஷன் மணல் படகில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. வாளியில் சாம்பல் பூசி உப்பில் ஊறவைத்த வாத்து முட்டைகள்.

"பூ ரெண்டு நாள்ல வாடிரும் வாத்தியாரே. இது ஒரு மாசம் வரும். தினம் ஒண்ணு கஞ்சிக்குத் தொட்டுக்கங்க, உங்களப் பாத்தா காத்தடிச்சா பறந்துருவீங்க போல இருக்கு."

"எதுக்கு அக்கா இதெல்லாம்?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவ ராத்திரி சோறு பொங்கும்போது அடுப்புகிட்ட உக்காந்து என்னவோ இங்கிலீஷ்ல பேசறா. என்னடின்னு கேட்டா, எங்க சார் மாதிரியே பேசிப் பாக்கறேன்கறா. அந்த வாய்க்குத்தான் இந்த முட்டை."

லுவா வெட்கத்தில் அம்மாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

புத்தாண்டு விடுமுறை போய், காய்ந்த வயலில் மறுபடி நாற்று பச்சை பிடித்தது. ஏப்ரலில் பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு வைத்தார்கள். மூன்று பாடமும் சேர்த்து ஐம்பதுக்கு லுவா பதினாறேகால். போன வருடம் பக்கத்து மேல்நிலைப்பள்ளியின் கட்-ஆஃப் பத்தொன்பது.

அந்த வாரமே தலைமையாசிரியை ஹான் அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவன் வகுப்புப் பட்டியல் கிடந்தது. நான்கு பெயர்களுக்கு அடியில் பென்சில் கோடு. மூன்றாவது பெயர் லுவா.

"உக்காருங்க தம்பி. இந்த நாலு பேரு எழுதினா உங்க வகுப்பு தொண்ணூத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ போயிரும். மாவட்டக் கூட்டத்துல என்னை எழுப்பி நிக்கவெச்சுக் கேப்பாங்க."

"லுவா முன்னேறிட்டு வர்றா மேடம். இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"ஆறு வாரத்துல மூணு மார்க்கா? நீங்களே சொல்லுங்க." அவர் குரல் கடுமையாக இல்லை. "பெயிலாகி அழறதவிட, எழுதாமலே தொழிற்பயிற்சிக்குப் போறது அந்தப் பொண்ணுக்கு நல்லது. பெத்தவங்கள வரச்சொல்லிப் பக்குவமாப் பேசுங்க. வற்புறுத்தின மாதிரி இருக்கக் கூடாது. பிள்ளைங்களே கைப்பட எழுதித் தரணும், சுயவிருப்பத்தின் பேரில்னு." கொஞ்சம் நிறுத்தி, "உங்க நிரந்தரப் பணி ஃபைலும் ஜூலையிலதான் மேல போகுது. வகுப்பு முடிவு பாத்துத்தான் எழுதுவாங்க, உங்களுக்குத் தெரியாததா?"

ஃபோங் ஆறு வருடமாக ஒப்பந்த ஆசிரியர். 'இந்த வருஷமாவது ஆயிருமாப்பா' என்று அப்பா ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேட்பார்.

மேடம் சொல்வது உண்மைதானே என்று ஒரு பக்கம் தோன்றியது. அவள் தேறமாட்டாள். அறிவிப்புப் பலகையின் முன் நின்று தன் பெயரைத் தேடித் தேடி அழுவாள். அந்த அழுகையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது நம்புகிற மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை ஊத் வந்தாள். ஏதோ நல்ல சேதிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தாள். ஃபோங் போன வருடக் கட்-ஆஃபைச் சொன்னான், லுவாவின் மதிப்பெண்ணைச் சொன்னான், தையல் பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சொன்னான். பேசும்போது மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளால முடியாதுங்கறீங்களா வாத்தியாரே?"

"கஷ்டம் அக்கா."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்?"

லுவாவின் முன்னால் ஒரு வெள்ளைத்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், வகுப்பில் எழுதுவதுபோலவே முதுகை வளைத்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு. பாதியில் தலை நிமிர்ந்தாள்.

"சார், சுயவிருப்பத்தின் பேரில்னா நான்தானே விரும்பணும்?"

அம்மா அவசரமாக, "சார் சொல்றத எழுதுடி, எதிர்க்கேள்வி கேக்காத," என்றாள்.

அவள் எழுதினாள். ஒரு பிழைகூட இல்லை. ஊத் தன் பெயரைக் கிறுக்கலாகப் போடக் கற்றிருந்தாள், அதைப் போட்டாள்.

மே மாதம் பள்ளி வாசலில் குல்மொஹர் பூத்துச் சிவந்தது. பிரிவு விழாவில் பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதினார்கள். லுவா தன் முதுகைக் காட்டி நின்றாள். "சார், இங்கிலீஷ்ல எழுதுங்க." ஃபோங் 'குட் லக், லுவா' என்று எழுதினான். அதைத்தவிர வேறொன்றும் அவனுக்குத் தோன்றவில்லை. அவள் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதை அவளால் வாசிக்க முடியவில்லை. வகுப்புத் தலைவன் வாசித்துச் சொன்னான்.

ஜூன் தொடக்கத்தில் தேர்வு நடந்தது. கணக்குத் தாளைப் பார்த்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். அந்த வருடம் மேல்நிலைப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். சுற்றியிருந்த எல்லாப் பள்ளிகளிலும் 'சுயவிருப்பம்' எழுதிக் கொடுத்தவர்கள் போக, எழுத வந்தவர்களே குறைவு. மாதக் கடைசியில் முடிவு வந்தது. ஆசிரியர் அறையில் கணினித் திரைக்கு முன்னால் எல்லோரும் குனிந்து நின்றார்கள்.

கட்-ஆஃப் பதினைந்தரை.

கைதட்டினார்கள். ஃபோங்கின் வகுப்பில் எழுதிய முப்பத்தேழு பேரும் தேறியிருந்தார்கள். நூற்றுக்கு நூறு. ஹான் மேடம் அவன் தோளைத் தட்டினார். அவனுக்குப் பதினாறேகால் என்ற எண் மட்டும் தெரிந்தது. ஏப்ரலிலேயே அவளிடம் இருந்த எண். அவனுக்குக் கிடைத்ததுபோல் அரை மதிப்பெண் அல்ல, முக்கால் மதிப்பெண் கூடுதல்.

அன்று மத்தியானமே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தான். மேல்நிலைப்பள்ளியில் பதினொரு இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். அதை எப்படி நிரப்புவீர்கள் என்று கேட்டான்.

"தேர்வு எழுதினவங்களுக்கு மட்டுந்தான் சார். உங்க பிள்ளை எழுதலயா?"

"இல்ல."

"ஏன்?"

தொலைபேசியை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊத்தின் வீட்டுக்குப் போனான். சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். தாமரைக் குளங்கள் பூத்து முடித்துக் காய் பிடித்திருந்தன. ஊத் வாசலில் உட்கார்ந்து தாமரை விதைகளுக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் கறுத்திருந்தது.

"அடடே, வாத்தியாரு! வாங்க வாங்க. இவ இருந்திருந்தா குதிச்சிருப்பா."

"லுவா எங்க அக்கா? தையல் பயிற்சியா?"

"அங்க சேந்தா ஒரு வருஷம் சும்மா உக்காரணுமாமே. இவ தம்பி இந்த வருஷம் ஆறாவது போறான். பின்யூங் பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போயிட்டா, எங்க அக்கா மக தாவோவோட சேந்து. வயசு பத்தலன்னாங்க. தாவோவோட தங்கச்சி அடையாளக் கார்டைக் குடுத்துச் சேத்துவிட்டுட்டாங்க." சொல்லிக்கொண்டே கைபேசியைத் தடவினாள். "இருங்க, சாப்பாட்டு நேரந்தான். முகத்தக் காட்டச் சொல்றேன்."

திரையில் லுவா வந்தாள். தலையில் நீலக் குல்லா. பின்னால் நீளமான மேசைகளும் தட்டுகளின் சத்தமும்.

"சார்!" என்று கத்தினாள். "நீங்களா? எங்க வீட்டுலயா? அம்மா, சாருக்கு டீ குடுத்தியா?"

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் சார். பசை நாத்தந்தான். மீன் நாத்தத்துக்கு இது தேவலாம்." சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ "ஹுவே! ஏய் ஹுவே!" என்று கூப்பிட்டார்கள். லுவா சட்டெனத் திரும்பி, "வர்றேன் அக்கா!" என்றாள். தாவோவின் தங்கையின் கார்டில் இருந்த அந்தப் பெயருக்கு அவள் அவ்வளவு சீக்கிரம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் வந்து எழுதலாமே லுவா. நான் சொல்லித் தர்றேன். தினமும் சொல்லித் தர்றேன்."

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். அதுவும் ஹுவே பேர்ல." குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒண்ணு கேக்கணும். முடிவு வந்திருச்சாமே. கட்-ஆஃப் எவ்வளவு வந்துச்சு?"

ஃபோங் திரையைப் பார்த்தான். பக்கத்தில் ஊத் விதை உரிப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பதரை," என்றான்.

லுவா மூச்சை விட்டாள். பதிவேட்டில் பேனா தன் பெயரைத் தாண்டிப் போய்விட்டால் விடுவாளே, அதே மூச்சு.

"அப்ப எனக்கு எப்படியும் கிடைச்சிருக்காது, இல்லயா சார்?"

"ஆமாம்மா."

"நல்லவேளை. இங்க வந்ததுலேருந்து தினமும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன் சார். எழுதியிருந்தா கிடைச்சிருக்குமோன்னு. இனி யோசிக்க மாட்டேன்." மணி அடித்தது. அவள் கையசைத்து, அவனுடைய குரலில், அவனுடைய ஏற்ற இறக்கத்தோடு, "குட் பை, டீச்சர்" என்றாள். திரை அணைந்தது.

ஊத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க சொன்னதுதான் சரியாப்போச்சு வாத்தியாரே. வேற யாராச்சும்னா, எழுதட்டும் எழுதட்டும்னு ஆசைகாட்டி அவள அழ வெச்சிருப்பாங்க."

எழுந்து உள்ளே போய், சாம்பல் பூசிய முட்டைகளை வாழைநாரில் கட்டிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். அவள் விடவில்லை. வண்டியின் கைப்பிடியில் மாட்டி, ஆடாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"பாத்துப் போங்க. ரோடு சரியில்ல, உடைஞ்சிரும்."

ஃபோங் மெதுவாகத்தான் ஓட்டினான். ஒரு முட்டைகூட உடையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கையிலிருந்து வாங்கி எண்ணினார்; நவம்பரில் கொடுத்த அம்மாதானே என்று சந்தோஷமாகக் கேட்டார். பட்டத்துக்குக் கீழே இருந்த மேசையில் அவற்றை அடுக்கினார். ஃபோங் அன்றும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. ஜூலையில் நிரந்தர ஆணை வந்தபோதும் அவை அங்கேயே இருந்தன.