பதினேழாம் சூத்திரம்

வார்சா பல்கலைக்கழகத்தில் தர்க்கத் துறைக்குத் தட்டச்சு செய்பவள் ஹால்ஷ்கா. அடைப்புக்குறியே இல்லாமல், வெறும் எழுத்துகளை வரிசையாக அடுக்கியே அங்கே தர்க்கம் எழுதுவார்கள். C வந்தால் ‘என்றால்’, N வந்தால் ‘இல்லை’. மற்றவர்களுக்குத் தலைவலி; ஹால்ஷ்காவுக்கோ தாளம். தட்டிக்கொண்டே முணுமுணுப்பாள், சில நாள் பாட்டாகவும் ஆக்கிவிடுவாள்.

அந்தச் சூத்திரங்களை அச்சுக் கோர்ப்பவன் ஸெனெக். போன வாரம் அவன் சொல்லியிருந்தான்: “சனிக்கிழமை டான்ஸ் ஆட்டத்துக்கு நீ வந்தா, உன்கிட்ட ஒண்ணு கேப்பேன்.” என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை பார்த்து, நகலெடுக்க அடித்து வைத்த ஸ்டென்சில் தாள் கிழிந்தது. பன்னிரண்டு பக்கத்தைத் திரும்ப அடித்து முடித்தபோது ஆட்டமும் முடிந்திருந்தது.

திங்களன்று, பிழை திருத்த வேண்டிய அச்சுப் புரூஃபோடு வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“வெள்ளிக்கிழமை லூப்லின் போறேன். அங்க புது வேலை.”

“அப்போ அந்தக் கேள்வி?”

“நீ வரலையே. அதனால கேக்க மாட்டேன். உங்க தர்க்கம்தானே?”

“அட மக்கு! மழை பேஞ்சா தெரு நனையும். மழை பேயலன்னா நனையவே நனையாதா? அப்போ இன்னிக்குக் காலைல தண்ணி வண்டி வந்து என்ன பண்ணுச்சு?”

“எனக்கு எழுத்து கோக்கத்தான் தெரியும் தாயே,” என்று போய்விட்டான்.

தானே கேட்டுவிட அவளுக்குக் கூச்சம். வெள்ளிக்கோ நாலு நாள்தான். திருத்திய புரூஃபின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அச்சகத்துக்கு அனுப்பினாள்:

வந்தால் கேட்பேன் என்றாய், வரவில்லை நான்.
வராவிட்டால் கேட்கமாட்டேன் என்றாயா, எங்கே?
தந்தாய் ஒரு வாசல், மற்ற வாசலெல்லாம்
தாழிட்டதாய் எந்த விதியும் சொல்லவில்லையே!

செவ்வாய் போனது, புதனும் போனது. வியாழன் காலை இரண்டாம் புரூஃபை நேராக விரிவுரையாளர் ரொகால்ஸ்கியிடமே கொடுத்துவிட்டது அச்சகம். அவர் சிவப்பு மையோடு படித்துப் படித்து, ஹால்ஷ்காவின் மேசைக்கு வந்தார்.

“பதினாறு சூத்திரந்தான் எழுதினேன். இந்தப் பதினேழு யாரோடதும்மா?”

பதினாறுக்குக் கீழே, அதே அழகான எழுத்தில் கோர்த்திருந்தது: ‘ஒன்று நீ வருவாய், அல்லது நான் வருவேன். நீ வரவில்லை. ஆகவே நான் வருவேன்.’

அவள் காது வரை சிவந்தாள். அவர் ஓரத்தில் திருத்தம் எழுதியிருந்தார்: ‘முடிவு சரியாகவே பிறக்கிறது. ஆனால் முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் தேவை.’

“நான் சொல்றது நியாயந்தானே?” என்றார்.

அவள் வாய் திறக்கும் முன் கதவு தட்டப்பட்டது. ஆதாரம், விரலில் மை அப்பியபடி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தது.