குளிரூட்டியில் இருந்த தாயத்து

சபையாருக்கு அன்பு வணக்கம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஜோயல் என் வயிற்றில் இருந்தபோது, திண்டுக்கல்லில் செக்கப்புக்குப் போன இடத்திலேயே ஒரு ஆள் எங்களைப் பிடித்துக்கொண்டான். தொப்புள்கொடி ரத்தத்தை உறையவைத்துச் சேமிக்கும் கம்பெனியாம்.

"நம்ம ஆளுக தொப்புள்கொடியத் தாயத்துல போட்டு இடுப்புல கட்டுனது எதுக்குக்கா? இது சயின்ஸ் தாயத்து. பிள்ளைக்கு எந்த நோய் வந்தாலும் இதுலருந்தே சரி பண்ணிரலாம்" என்றான்.

மூத்தவள் பெர்சிக்கு ஆத்தூர் நாத்தனார் வெள்ளித் தாயத்து கொண்டுவந்தபோது, நாங்கள் விசுவாசிகள், கட்டமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். சயின்ஸ் என்றதும் உடனே தலையாட்டினேன். பிரசவத்தன்றே ரத்தத்தை எடுத்துப் போனார்கள்.

ஒரு வயது ஆகுமுன்பே ஜோயல் வெளிறிப்போனான். பால் குடிக்கக்கூட மூச்சு வாங்கியது. தலசீமியா என்றார்கள். ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். காலமெல்லாம் ரத்தம் ஏற்றவேண்டுமாம். நான் அழவில்லை. "அதான் சேத்து வச்சிருக்கோம்ல" என்றேன்.

மதுரையில் அவனைக் காட்டிய டாக்டரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுவும் அவன் ரத்தந்தானம்மா. அதுலயும் இதே நோய் இருக்கும். அத வச்சு அவனக் குணப்படுத்த முடியாது."

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "பிறவி நோய்க்குன்னு நான் சொல்லலையேக்கா" என்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரையும் திட்டினேன். அவன் பேசும்போது நீர் ஏன் பேசாமல் இருந்தீர் என்று கேட்டேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். கடைசியில் ஒரே வார்த்தைதான் மிச்சமிருந்தது. பிள்ளையைத் தாரும்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கேட்டார்: "இவனுக்கு மூத்தது இருக்கா?" பெர்சியின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் வழி உண்டாம்; ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம்செல் அதில்தான் இருக்கிறதாம். கூடப் பிறந்தவர்களுக்கே பல சமயம் பொருந்தாது என்றும் சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை நானும் கணவரும் உபவாசம் இருந்தோம்.

முழுசாகப் பொருந்தியது. ஸ்தோத்திரம்! ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே முழங்காலில் விழுந்தேன். பெர்சி கேட்டாள், "அப்ப இனிமே தம்பியும் என்னைய மாதிரியே கத்துவானாம்மா?"

சென்னையில் அக்காவின் மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள். தனியறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை பட்ட பாட்டை எழுத மனசு வரவில்லை. இன்று அவனுக்கு ரத்தம் ஏற்றுவதில்லை. அக்காவைவிடச் சத்தமாகக் கத்துகிறான்.

போன வாரம் அதே ஆள் போன் செய்தான். "அக்கா, தம்பி ஸ்டெம்செல்லுலதான் குணமாயிட்டானாமே! எங்க கம்பெனிக்கு ஒரு வீடியோ பேசிக் குடுங்க, சாட்சி மாதிரி."

தாய்மார்களே, வயிற்றுப் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்துகிறவனை நம்பாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆண்டவரை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள், அதையும் அவர் கேட்கிறார்.

அவனிடம், "சாட்சிதான தம்பி, கட்டாயம் சொல்றேன்" என்றேன். இதோ, சபைக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.