முழுப் புள்ளி வாங்கிய வாக்கியம்

பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எது பெயர்ச்சொல், எது வினைச்சொல், எது வினையடை என்று பிரித்துக் காட்ட வேண்டும். என் மனைவி பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவள். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், காலையில் இடியப்பம் அவித்தபடியே அவள் வாக்கியம் சொல்வாள். நான் தேநீரோடு மேசையில் இருந்து பிரிப்பேன்.

ஒருநாள் அவள், "மை ஹஸ்பண்ட் ஹார்ட்லி ஹெல்ப்ஸ் மீ" என்றாள்.

"ஹஸ்பண்ட் நவுன், ஹெல்ப்ஸ் வேர்ப். ஹார்ட்லி 'லி' எண்டு முடியுது, அப்ப அது அட்வேர்ப்" என்றேன்.

"சரி, கருத்து என்ன?"

"என்ர மனுசன் பாடுபட்டு எனக்கு உதவி செய்யிறார்." சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "பிரிச்சது சரி. முழுப் புள்ளி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலகக் கடிதமொன்றில் அதே 'ஹார்ட்லி' வந்தது. அகராதியில் தேடினேன். 'இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவாக' என்று போட்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் அவளுக்கு முன்பே எழும்பித் தேங்காய் துருவினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "அகராதி பாத்திட்டீங்களோ?" என்றாள்.

"ஓம். ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்கள். திருத்த மனம் வரேல்லை."

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். தேங்காய் துருவுவது இன்றுவரை என் வேலைதான்.