மாமியாரின் மதர்போர்டு

ஜன்னல் கண்ணாடி வெட்டும் அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பெட்டி விழுங்கி என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள்தான் தலைமை. பிரிவில் வேறு ஆளே இல்லாததால் அந்தப் பதவிக்குப் போட்டி வந்ததில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அறைக்கு ஒன்றாகப் பழைய கம்ப்யூட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒன்று சம்பளம் போடும், ஒன்று சரக்கிருப்பு பார்க்கும், வாசலில் இருப்பது வருகையைப் பதியும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புரோகிராம்தான் ஓடியது. அதை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புரோகிராம்கள் பழைய இயங்குதளத்தில் மட்டும் வேலை செய்யும். அந்த இயங்குதளமோ புதிய கம்ப்யூட்டரில் ஏற மறுக்கும். ஆகவே வேறு வழியில்லாமல் பழைய பெட்டிகளைத் தூசி தட்டி, விசிறிக்கு எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு பெரிய புதிய கம்ப்யூட்டரை வாங்க வைத்தாள். அதற்குள் ஒரு மென்பொருள், பழைய கம்ப்யூட்டர் ஒன்று உள்ளே இருப்பதுபோல் பாவனை செய்யும். அந்தப் பாவனைப் பெட்டியில் பழைய இயங்குதளத்தை ஏற்றினால், தான் சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அது ஓடும். இப்படி ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு பெட்டியைக் காலி செய்து உள்ளே அனுப்பினாள். பெயர் அப்படித்தான் வந்தது. மெஷின் எங்கே குடியிருக்கிறது என்பது மெஷினுக்கே தெரியாதபோது நமக்கு என்ன கவலை என்பது அவள் கட்சி.

கணக்காளர் மட்டும் ஒப்பவில்லை. பெட்டி கண்ணெதிரே இல்லாவிட்டால் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். அவள் உள்ளிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் அவர் மேஜைக்கடியில் விட்டுவைத்தாள். கணக்காளருக்கு நிம்மதி. அதன்மேல் கால் வைத்துக்கொண்டு வேலை செய்தார். போன வருடத்தைவிட இப்போது வேகமாக ஓடுகிறது என்று ஒருநாள் அதைப் பாராட்டவும் செய்தார்.

கடைசியில் மிஞ்சியது வெட்டும் மேஜையின் கம்ப்யூட்டர். கண்ணாடியைப் படுக்க வைத்தால், மேலே ஒரு கை நகர்ந்து சொன்ன அளவில் கோடு கிழிக்கும். கையை நகர்த்தும் கட்டளைகள், கம்ப்யூட்டரின் வயிற்றில் செருகிய உள்ளங்கை அகல மின்னட்டை ஒன்றின் வழியாகப் போகும். அந்த அட்டை நுழையும் துளை இப்போதைய கம்ப்யூட்டர் எதிலும் கிடையாது. அவள் விடவில்லை. அட்டையை வெளியே வைத்துக் கம்பி வழியாகப் புதிய கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் ஒரு கருவியைத் தேடிப் பிடித்து வரவழைத்தாள். இயங்குதளத்தை உள்ளே அனுப்பினாள். திரையில் எல்லாம் அப்படியே வந்தது. வெட்டும் பிரிவின் ஃபோர்மேன் ஒரு கண்ணாடியை ஏற்றிப் பட்டனை அழுத்தினார்.

கை கிளம்பியது, நின்றது, யோசித்தது, மறுபடி கிளம்பியது. பாவனைப் பெட்டிக்குள் ஒரு நொடி என்பது, வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் மனசு வைத்தால்தான் ஒரு நொடி. அதற்கு வேறு வேலை வந்துவிட்டால் உள்ளே இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். சம்பளப் பட்டியலுக்கு அதனால் கெடுதல் இல்லை. கண்ணாடிக்கு உண்டு. கை கிழித்து முடித்தபோது, செவ்வகம் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரவில்லை. விரலகலம் தள்ளி வேறெங்கோ போய் முடிந்தது.

ஃபோர்மேன் அந்தக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். வருகிறவர்கள் கேட்டால், நம்ம கம்ப்யூட்டர் மேடம் செஞ்சது என்று மரியாதையாகச் சொன்னார். பெட்டி விழுங்கி அந்த ஒரு பெட்டியை மட்டும் அதன் இடத்திலேயே விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெட்டி எழுந்திருக்கவில்லை. திறந்து பார்த்தாள். மதர்போர்டில் இருந்த சின்ன உருளைகளில் சில வயிறு உப்பி வெடித்திருந்தன. சுற்றிலும் செம்பு கரைந்து போயிருந்தது. ஒட்டுப்போட அதில் இடம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முழுக் கட்டடத்தின் ஜன்னல்களும் அந்த வாரம் வெட்டியாக வேண்டும். புது மேஜைக்குச் சொன்னால் வந்து சேர மாதங்கள் ஆகும் என்றார் மேனேஜர். அதுவரை வெட்டும் பிரிவை மூடிவைப்பதாகவும், ஆட்களுக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்றும் சொன்னார். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

அவள் பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் போன் போட்டாள். அட்டைத் துளை உள்ள மதர்போர்டா, அதையெல்லாம் எப்போதோ உருக்கியாயிற்று என்றார்கள். மாலை வீட்டில் கணவனிடம் புலம்பியபோது அவன் போர்டின் படத்தைப் போனில் வாங்கிப் பார்த்தான். தன் அப்பா கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்தில் இதைத்தான் கட்டுக்கட்டாக விற்றார் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, பின் அறையைப் பார்த்தான்.

பின் அறையில் மாமியாரின் கம்ப்யூட்டர் இருந்தது.

மாமியார் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் பின் அறைக்குப் போய், பழைய கம்ப்யூட்டரில் ஒற்றை ஆளாகச் சீட்டாடுவார். கம்ப்யூட்டர் கடைக்காரரான கணவர் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தது அது. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி என்று அதுவே கணக்கு வைத்திருந்தது. மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில், இதைப் புதுக் கம்ப்யூட்டருக்குள் மாற்றித் தருகிறேன் என்று ஆசையாகச் சொன்னாள். மாமியார் வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாக நடத்தி வந்தார்கள். வீட்டில் சண்டை என்பதே இல்லை. பேச்சும் அவ்வளவாக இல்லை.

கணவன், அம்மாவிடம் நீயே கேள் என்றான். தனக்கு அவசரமாகக் குளிக்க வேண்டும் என்றான்.

அவள் பின் அறை வாசலில் நின்று விஷயத்தை முழுக்கச் சொன்னாள். வெட்டும் மேஜை, உப்பிய உருளைகள், பள்ளிக்கூடத்து ஜன்னல், ஃபோர்மேன் எல்லாம் சொன்னாள். உங்கள் ஆட்டத்தை அப்படியே ஒரு லேப்டாப்பில் ஏற்றித் தருகிறேன், பெட்டி மட்டும் வேண்டும் என்றாள். மாமியார் கையிலிருந்த ஆட்டத்தை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க ஆபீஸ்ல போன் லைன் சேத்துவிடற பெரிய போர்டு ஒண்ணு இருந்துச்சு. முப்பது வருஷம் அது முன்னாடி உக்காந்திருந்தேன். ஒரு தடவை லீவு முடிஞ்சு போறேன், சுவத்துல ஓட்டைங்க மட்டும்தான் இருக்கு. எங்க கொண்டு போனாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல."

மருமகள் வாசலிலிருந்து அறைக்குள் வந்தாள்.

"எடுத்துக்கோ. ஆனா அது எங்க போகுதுன்னு நான் பாக்கணும்."

"நீங்களே வாங்க அத்தை. நாளைக்கே போலாம்."

"என் கணக்கு அழியக் கூடாது. தோத்ததும் சேத்துதான்."

அழியாது என்று மருமகள் வாக்குக் கொடுத்தாள். உடனே உட்கார்ந்து டிஸ்கை அப்படியே பிரதி எடுத்தாள். அவ்வளவு கவனமாக அவள் சம்பளப் பட்டியலைக்கூட எடுத்ததில்லை.

மறுநாள் காலை வாடகைக் காரில் போனார்கள். மாமியார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். வெட்டும் பிரிவில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். சுவரில் சாய்த்திருந்த கண்ணாடி அவர் கண்ணில் பட்டது. இது என்ன கோணலாக இருக்கிறது என்று கேட்டார். ஃபோர்மேன் வாயைத் திறந்தார், பெட்டி விழுங்கியைப் பார்த்தார், அது பழைய மாடல் அம்மா என்று சொல்லிவிட்டார்.

அவள் மின்னட்டையை மாமியாரின் மதர்போர்டில் செருகி, மேஜைக் கம்ப்யூட்டரின் டிஸ்கை மாட்டி, மின்சாரம் கொடுத்தாள். முதல் தடவை எழவில்லை. அட்டையை எடுத்து, அதன் உலோக விளிம்பைத் துடைத்து, மறுபடி செருகினாள். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் தடவை பீப் என்று ஒரு சத்தம் வந்தது.

"எழுந்துடுச்சு," என்றார் மாமியார், திரையைப் பார்க்காமலே.

ஃபோர்மேன் ஒரு கண்ணாடியை ஏற்றினார். கை கிளம்பியது, எங்கும் நிற்காமல் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. அவர் ஓரத்தைத் தட்டியதும் செவ்வகம் தனியாகக் கழன்று வந்தது. மாமியார் எழுந்து போய், நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பரவாயில்லை என்றார். அந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல்கள் போய்ச் சேர்ந்தன. பிரிவு மூடப்படவில்லை. மேனேஜர், புது மேஜைக்கும் சொல்லிவைப்போம், அது வருகிறபோது வரட்டும் என்றார்.

வீட்டில் லேப்டாப் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பாவனைப் பெட்டிக்குள் பழைய இயங்குதளம் நன்றாகவே எழுந்தது. வெற்றிக் கணக்கும் தோல்விக் கணக்கும் ஒன்று குறையாமல் வந்தன. முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் மாமியார் மருமகளைக் கூப்பிட்டார். ஜெயித்தால் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி விழ வேண்டும், இதில் மூட்டையை அவிழ்த்ததுபோல் கொட்டிவிடுகிறது என்றார். புதிய கம்ப்யூட்டரின் வேகம் அது. மருமகள் பாவனைப் பெட்டியின் வேகத்தைக் குறைத்துக் காட்டினாள். இன்னும் குறை என்றார். குறைத்தாள். இப்போது தூங்குகிறது, கொஞ்சம் கூட்டு என்றார். சீட்டு விழும் வேகத்தைச் சரிசெய்ய, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும். ஆகவே இரண்டு பேரும் ஒரே திரையில் குனிந்தபடி ஒரு வாரம் தினமும் மாலையில் சீட்டாடினார்கள். ஹார்ட்டின் ராணியை அங்கே வைக்காதே என்று மாமியார் சொல்லுவார். மருமகள் வைத்துவிடுவாள்.

வேகம் சரியானதும், பாதுகாப்புக்காக மருமகள் இன்னொரு பட்டனையும் காட்டிக் கொடுத்தாள். அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் அந்த நொடியில் இருக்கிற மாதிரியே பிடித்துவைத்துக்கொள்ளும். பின்னால் ஏதாவது தப்பாகிவிட்டால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம். நிஜப் பெட்டியில் இந்த வசதி கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னாள். மாமியார் ம் கொட்டினார்.

சில வாரங்கள் கழித்து லேப்டாப்பில் இடமே இல்லாமல் போய், பாவனைப் பெட்டி எழுந்திருக்க மறுத்தது. மருமகள் திறந்து பார்த்தாள். டிஸ்க் முழுக்கப் பிடித்துவைத்த நொடிகள். ஒவ்வொன்றுக்கும் மாமியார் ஒழுங்காகத் தலைப்பும் கொடுத்திருந்தார். இஸ்பேட் ராஜாவை நகர்த்தும் முன். அவசரப்படும் முன். வாசல் மணி அடித்த சமயம்.

"அத்தை, இது கம்ப்யூட்டர் கெட்டுப் போனா மட்டும் திரும்பிப் போறதுக்கு."

"கெட்டுத்தான் போச்சு. ராணிய தப்பா வெச்சுட்டேன்."

"அப்படின்னா நீங்க தோக்கவே மாட்டீங்களே."

"தோத்ததெல்லாம் அந்தப் பெட்டியோட போச்சு," என்றார் மாமியார். "நகரு, வெளிச்சத்த மறைக்கற."

மருமகள் ஒரு நொடியைக்கூட அழிக்கவில்லை. மறுநாள் வேலையிலிருந்து திரும்பும்போது இதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். எதற்கு என்று கணவன் கேட்டான். ஆபீஸ் வேலை என்று சொன்னாள்.