அக்கரை வாணலி

பாலத்தின் நடுவே வரும்போது ஆர்லோ ஹாகன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தலையிலிருந்த ஊதாத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் போடுகிறார். பச்சைத் தொப்பி ஏறுகிறது. ஒன்றை ஒன்று கண்டாலே ஆகாத இரண்டு அமெரிக்கக் கால்பந்து அணிகளின் தொப்பிகள் அவை. ஊதா எங்கள் மினசோட்டா மாநிலத்துக்கு, பச்சை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்துக்கு. இக்கரையில் டுலூத்தில் ஒரு பாத்திரக்கடை, அக்கரையில் சுப்பீரியரில் ஒன்று. இரண்டுக்கும் அவர்தான் முதலாளி.

தொப்பி மாறினால் தொலையட்டும். நாக்கும் சேர்ந்தல்லவா மாறுகிறது.

உடம்பை விட்டு எளிதில் போகாத ரசாயனம் சேர்த்த ஒட்டாத வாணலிகளை விற்கக் கூடாது என்று மினசோட்டாவில் சட்டம் வந்துவிட்டது. விஸ்கான்சினில் அப்படி எதுவும் இல்லை. சட்டம் அமலுக்கு வந்த வாரமே ஆர்லோ டுலூத் கடையிலிருந்த அத்தனை வாணலிகளையும் வேனில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிவிட்டார். காலியான அலமாரியில் இரும்பு வாணலிகள் வந்து உட்கார்ந்தன.

காலையில் டுலூத்தில் கேட்டால், "அந்த எழவு ரத்தத்துல கலந்துட்டா லேசுல போகாதுங்க. நம்ம ஆளுங்க பண்ணின ஒரே உருப்படியான வேலை இந்தச் சட்டம்தான்" என்பார். மதியம் சுப்பீரியரில், "அவனுங்களுக்கு வேற பொழப்பு இல்ல. எங்கம்மா காலம் பூரா இதுலதான் முட்டை பொரிச்சாங்க. குத்துக்கல்லாட்டம் இருந்தாங்க" என்பார். இரண்டையும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்.

தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து காப்பி குடிக்கும்போது ஒருமுறை கேட்டே விட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆத்தைக் குறுக்கால ஓடவிட்டது கடவுள், வால்ட். அவரைப் போய்க் கேளு."

போன சனிக்கிழமை நானும் சுப்பீரியர் கடையில்தான் நின்றேன். எல்லாம் தெரிந்தும் போன மடையன் நான். ஏரி மீனைத் தோல் பிய்யாமல் பொரித்து எடுக்கும் ஆசை யாரை விட்டது?

"ஒண்ணும் ஆகாது, எடுத்துக்கப்பா. மீன் தானா தட்டுல வந்து குதிக்கும்" என்றார் ஆர்லோ.

அப்போது அவருடைய மகள் கிர்ஸ்டன் வந்தாள். அதே ஊரில்தான் குடியிருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அடுக்கிலிருந்து ஒரு வாணலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, வீட்டுல எல்லாமே அடிப்பிடிக்குது. நான் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"உனக்கு எதுக்கும்மா இது?"

"ஏன், இப்பத்தானே இவர்கிட்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?"

கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வியாபாரம் அன்றோடு சரி. சொல்லாவிட்டால் பிறக்கப்போகும் பேரப்பிள்ளை.

"ஆகாதுதான்" என்றார் ஆர்லோ. சொல்லிக்கொண்டே மகளின் கையிலிருந்த வாணலியை மெல்ல வாங்கி, காகிதத்தில் சுற்றி, என் பைக்குள் போட்டார்.