டிராயர் பலகையோடு திருவனந்தபுரம் போன கதை

அதிகாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலி புதுப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறும்போது என் தோள்பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, கைக்குட்டை, அரைக் கிலோ அல்வா, மஞ்சள் துணியில் சுற்றிய சின்னப் பலகை, இவ்வளவுதான் இருந்தன. அல்வா சம்பந்தி வீட்டுக்கு. பலகை என் மகள் சுபாவின் கல்யாண மோதிரத்துக்கு. திருவனந்தபுரத்தைப் பற்றி எழுத எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன. நான் எழுதப் போவது என் மானம் போன கதையை.

பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். என் மனைவி கோமதி தையல்காரி. அவளுடைய மெஷினுக்குக் கீழே பொத்தான், பாபின் போட்டுவைக்க ஒரு டிராயர் உண்டு. அதன் பித்தளைக் குமிழ் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. குமிழ் இருந்த ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டுத்தான் கோமதி டிராயரை இழுப்பாள். சுபா நடக்கப் பழகின காலத்தில் தானும் அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு, "அம்மா, மோதிரம்" என்பாளாம். கோமதி போய்ச் சேர்ந்த பிறகு அந்த மெஷினைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்துத் தெருவில் தைக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். சேலைகளை அவள் தங்கை எடுத்துப் போனாள். டிராயர் மட்டும் பரணில் கிடந்தது. மற்றதையெல்லாம் கரையான் தின்றுவிட, முகப்புப் பலகை மட்டும் தேக்கு என்பதால் பிழைத்துக் கிடந்தது.

சுபாவுக்கு வேலை கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில். மாப்பிள்ளை மகேஷ் திருவனந்தபுரம் ஆரியசாலைக்காரர். மூன்று தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து போய் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். வித்துராவுக்குப் போகிற வழியில் ஒரு பெண் மரத்தில் மோதிரம் செய்கிறாளாம், தங்க மோதிரத்தோடு அதையும் மாற்றிக்கொள்ளப் போகிறோம், மாப்பிள்ளை வீட்டு மரம் ஒன்று, நம் வீட்டு மரம் ஒன்று என்று சுபா போனில் சொன்னாள். "அம்மாவோட டிராயர் பலகை இருக்குல்லப்பா? அதை மட்டும் கொண்டு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்." அவள் கல்யாணத்துக்கு என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

நாகர்கோவிலில் வண்டி மாறினேன். அங்கிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தக்கலை தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. என் ஜன்னலின் ஸ்பிரிங் ஷட்டர் கீழே நிற்காமல், வண்டி குலுங்கும்போதெல்லாம் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். சாரல் நேராகக் குழந்தையின் தலையில் அடித்தது.

"கட்டை ஏதாச்சும் இருந்தா சொருகுங்க அண்ணாச்சி. இந்த வண்டியில எல்லாமே அப்படித்தான்" என்றார் கண்டக்டர்.

என் மூளை அந்த நேரம் பார்த்து வேலை செய்தது. பையிலிருந்து பலகையை எடுத்தேன். நனையக் கூடாதென்று மஞ்சள் துணியை மட்டும் பத்திரமாகப் பைக்குள் வைத்தேன். ஷட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே பலகையைச் செருகினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. குழந்தைக்காரி திரும்பி, "நல்ல காரியம் பண்ணினீங்க" என்றாள். பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்படியே தூங்கிப்போனேன்.

பத்து மணிக்குத் தம்பானூர் பேருந்து நிலையம். மழை விட்டிருந்தது. "இறங்ஙு, இறங்ஙு" என்று சத்தம் போட்டார்கள், இறங்கினேன். சாவகாசமாகக் கிழக்கேகோட்டைக்கு நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். வாயைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கை விட்டபோது மஞ்சள் துணி வந்தது, வெறும் துணி.

வந்த வழியே ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. வண்டி நின்ற இடத்தில் வேறு வண்டி நின்றது. விசாரணைக் கூண்டில் இருந்தவர் நான் சொன்னதை இரண்டு முறை கேட்டார். "மரக் கஷணமா?" என்றார். ஆமாம், மரத்துண்டுதான் என்றேன். "வண்டி திரிச்சுப் போயி. களஞ்ஞிருக்கும் சாரே" என்றார். வண்டி திரும்பிப் போய்விட்டது, பலகையைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்கிறார். அவர் முகத்தில் கேலிகூட இல்லை, அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதே சுபாவுக்குப் போன் செய்து, 'இப்படி ஆகிப்போச்சு தாயி' என்று சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுதிருப்பாள், முடிந்திருக்கும். போனைக் கையில் எடுத்தேன். 'அம்மா பலகையை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தீங்களா?' என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. போனைத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலை பஜாரின் சந்துகளில் கிடைக்காதது இல்லை என்பார்கள். பழைய கட்டில், பீரோ விற்கிற ஒரு கடையில் உடைந்த மேசை கிடந்தது. அதன் டிராயர் முகப்பு தேக்கு. குமிழை மட்டும் யாரோ ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். கோமதி பலகையைவிடக் கொஞ்சம் அகலம். கடைக்காரர், "மேசை வேண்டாமா? பலக மட்டும் எதுக்கு?" என்றார். மோதிரத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தையல் சாமான் விற்கிற கடை ஒன்று கண்ணில் பட்டது. இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு சின்னக் குப்பி மெஷின் எண்ணெய் வாங்கினேன். மூடியிருந்த ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, கைக்குட்டையில் நனைத்து, பலகையின் முன்னும் பின்னும் ஓட்டைக்குள்ளும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, கோமதியின் மெஷின் இருந்த எங்கள் வீட்டு முன்னறை வாசனை வந்தது. என் வேலை எனக்கே திருப்தியாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தேன்.

சம்பந்தி வீடு கடைக்கு மேல்மாடி. படி ஏறும்போதே வத்தல் நெடி தும்மல் போட வைக்கும். மகேஷின் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. ஊணு கழிச்சிட்டுத்தான் புறப்படணும், கேட்டீங்களா? வித்துரா வழியில ஒண்ணும் நல்லதா கிட்டாது." சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம்.

அங்கே வந்து காத்திருந்த சுபா என் கையிலிருந்து பையைப் பிடுங்காத குறை. துணியைப் பிரித்தாள். பலகையை மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சை உள்ளே இழுத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா வாசனைப்பா" என்றாள். நான் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவர்கள் வீட்டுப் பலகை ஏற்கெனவே சாமி அலமாரியில் இருந்தது. கடைக்கு இரும்பு ஷட்டர் போடும் முன்பு வரிசையாகச் செருகுகிற பலகைக் கதவு இருந்ததாம். அதில் ஒன்றின் துண்டு. மகேஷின் அம்மா நான் கொண்டுபோனதை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். "கோமதி மதினிதான் வந்து இருக்காங்கன்னு வச்சுக்கறேன்" என்று கும்பிட்டார். யார் வீட்டு மேசையோ, யார் கை பட்டதோ, அதைக் கும்பிடுகிறார்கள். சாம்பார், அவியல், பாயசம் என்று இலை நிறையப் பரிமாறினார்கள். பாதியிலேயே இலையை மடக்கினேன். பயண அலுப்பு என்று சொல்லிவிட்டேன். அதையும் நம்பினார்கள்.

ஒரு மணிக்கு மகேஷின் காரில் கிளம்பினோம். வித்துரா, நகரத்திலிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர். நெடுமங்காடு தாண்டினால் ரப்பர் தோட்டம், ஏற்றம், இறக்கம், மறுபடி ரப்பர் தோட்டம். வித்துரா சந்தைக்குச் சற்று முன்னால் இடப்புறம் இறங்கும் மண் பாதையில் ஓட்டுக் கொட்டகை ஒன்று. அதுதான் பட்டறை.

மோதிரம் செய்கிற ஷீபா பாறசாலைக்காரி, வீட்டில் பேசுவது தமிழ். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்தவள். பல்லைத் தேய்க்கிற அதே குட்டி மெஷினில்தான் இப்போது மோதிரம் தேய்க்கிறாள். "அங்க எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருக்கணும். இங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தா ஆளு சண்டைக்கு வரும்" என்று சிரித்தாள். இதற்கென்று மரம் வெட்டுவதில்லை. காற்றில் விழுந்தது, வீடு இடித்ததில் கிடைத்தது, உடைந்தது, இவைதான். அலமாரியில் துடுப்பில் செய்த மோதிரம், கிரிக்கெட் மட்டையில் செய்தது, விழுந்த பலாவில் செய்தது என்று வரிசையாக இருந்தன. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

மரத்தைக் குடைந்து மோதிரம் செய்தால் நார் வாக்கில் பிளந்துவிடுமாம். அதனால் பலகையைக் காகிதம் போலச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, இரும்புக் கம்பியில் சுற்றிச் சுற்றிப் பசை போட்டு ஒட்டுகிறாள். காய்ந்த பிறகு தேய்த்துத் தேன்மெழுகு பூசுகிறாள். மேல்முகத்திலிருந்து வருகிற முதல் சீவலை அவள் வீணாக்குவதில்லை. பழைய மெருகும் அழுக்கும் உள்ள அந்தச் சீவலைத்தான் முதலில் சுற்றுவாள். அது விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே இருக்கும், வெளியில் யாருக்கும் தெரியாது.

மகேஷின் பலகையில் சீவல் எடுத்து முடித்தாள். அடுத்து எங்களுடையது. சுபா அதற்குள் ஓட்டையில் விரலை விட்டிருந்தாள்.

"சின்னதில பெரிய ஓட்டையா இருந்துச்சுப்பா. இப்ப கரெக்டா இருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

ஷீபா பலகையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "விரல் விட்டுத்தான இழுப்பாங்கன்னு சுபா சொன்னா? அப்ப ஒரு பக்கம் தேஞ்சிருக்கணுமே. எந்தப் பக்கம் அம்மெ விரல் பட்டது, சாரே? நீங்க சொன்னா அந்தச் சீவலை உள்ள வச்சிருவேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கோமதியின் பலகையில் ஓட்டையின் மேல்விளிம்பு வழவழவென்று சரிந்திருக்கும். எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இதில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது. கையை நீட்டி ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டினேன். "சரி" என்று ஷீபா பலகையை இடுக்கியில் மாட்டினாள். சுபா முதல் சீவலை வாங்க இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல நீட்டினாள்.

"வேண்டாம்" என்றேன். "அது அம்மா பலகை இல்லை."

ஷீபா இழைப்புளியைக் கீழே வைத்தாள். ஷட்டர், மழை, தம்பானூர், சாலை பஜார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை சுபா கையை நீட்டியபடியே இருந்தாள். மகேஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தெரிந்த இடமெல்லாம் கேட்டார். வண்டியைக் கழுவும்போது கட்டை, குப்பை எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிடுவார்களாம்.

"அப்ப வாசனை?" என்றாள் சுபா.

"எண்ணெய் வாங்கித் தேச்சேன்."

எழுந்து வெளியே போனாள். முற்றத்துக் குழாயில் ஆள்காட்டி விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். நான் பின்னால் போய் நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"பலகை தொலைஞ்சா தொலைஞ்சுட்டுப் போகுதுப்பா. நானும்தான் எத்தனையோ தொலைச்சிருக்கேன். எண்ணெய் எதுக்குப்பா தேச்சீங்க? இனிமே நிஜமாவே அந்த வாசனை வந்தாலும் எனக்கு இன்னைக்குத்தானே ஞாபகம் வரும்?"

குழாயை மூடிவிட்டு, "அம்மாவோடது வேற என்ன இருக்கு வீட்ல?" என்று கேட்டாள். யோசித்தேன். மெஷின், சேலை, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாக நான் யார் யாருக்கோ கொடுத்துவிட்டது நினைவுக்கு வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை என்று கொடுத்தேன். அவளுக்குப் பார்க்க வேண்டியிருக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் உள்ளே போய் ஷீபாவிடம் சொன்னாள். "சேச்சி, ரெண்டையும் மகேஷ் வீட்டுப் பலகையிலயே பண்ணிருங்க."

ஆக, மோதிரம் இரண்டும் ஆரியசாலை மரம். எங்கள் வீட்டு மரம் ஒன்றுமில்லை.

மாலை ஆறரைக்குத் தம்பானூரில் என்னை ஏற்றிவிட்டார்கள். மகேஷ், "அம்மாகிட்ட ஒண்ணும் பறைய வேண்டாம் மாமா, நான் பாத்துக்கறேன்" என்றார். அது இன்னும் கூசியது. சுபா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க" என்றாள். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் போல என் தோளில் ஒரு தட்டுத் தட்டவில்லை.

ஊரில் இருக்கும்வரை அந்தப் பக்கத்து மழை அழகு என்று நானே பலரிடம் அளந்திருக்கிறேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் அது மறுபடி பிடித்துக்கொண்டது. வேறு வண்டி, வேறு கண்டக்டர். ஆனால் என் ஜன்னலில் அதே கோளாறு. பின்னால் இருந்த பெரியவர் சாரலில் நெளிந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "பையில கட்டை ஏதாச்சும் இருந்தா சொருகுங்க சார்" என்றார்.

பட்டறையிலிருந்து எடுத்துவந்த நூற்றைம்பது ரூபாய்ப் பலகை குங்குமத்தோடு மடியில் பைக்குள் இருந்தது. அளவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். களியக்காவிளை போயிற்று, மார்த்தாண்டம் போயிற்று. சட்டைக் கை முழங்கை வரை நனைந்து குளிர்ந்தது. நாகர்கோவில் வரும்வரை கையை எடுக்கவில்லை.