பின் சீற்றுக்குக் காற்று வரவில்லை

எங்கள் காரில் முன்னால் இருப்பவர்களுக்குக் குளிர்கிற நுவரெலியா, பின்னால் இருப்பவர்களுக்குக் கொதிக்கிற மன்னார். இது என் மனைவியின் வர்ணனை. முன் சீற்றுகள் இரண்டுக்கும் நடுவில் கை வைக்கும் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கத்தில் பின் சீற்றுக்காரருக்கென்று ஏசி காற்று வரும் வாய் ஒன்று உண்டு. கார் வாங்கிய புதிதில் அதிலிருந்து ஜோராகக் காற்று வந்தது. பிறகு நின்றுபோனது. எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்குப் பின் சீற்றின் வெக்கை எங்கே தெரியப்போகிறது?

பின் சீற்றின் நிரந்தரப் பயணி அம்மா. வெள்ளவத்தையில் எங்களோடு பிளாட்டில் இருக்கிறார். ஆனால் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. அங்கே அவருடைய அக்கா, என் பெரியம்மா, இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் வம்பு முழுவதையும் கதைத்துத் தீர்த்தால்தான் இருவருக்கும் அடுத்த கிழமை ஓடும்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, கொள்ளுப்பிட்டி நெரிசலில் அம்மா பேச்சு மூச்சில்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் தெளித்து, நேரே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். வெக்கையில் பிரஷர் இறங்கிவிட்டது, இனி இப்படிப் புழுக்கத்தில் கூட்டிக்கொண்டு திரியாதீர்கள் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, காற்று வந்தால்தான் கொட்டாஞ்சேனை. வராவிட்டால் பெரியம்மாவைப் பார்ப்பது அத்தோடு சரி.

முன் சீற்றில் இருங்கள் என்றால் அம்மா கேட்கவே மாட்டார். எதிரே வருகிற பஸ் எல்லாம் தன் மேலேயே ஏற வருவது போலிருக்குமாம். கண்ணாடியைத் திறந்தால் காலி வீதிப் புகை முழுவதும் உள்ளே. எனவே நானே களத்தில் இறங்கினேன். வீடியோக்களைப் பார்த்து அரை மெக்கானிக் ஆனேன். காற்றுவாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. டாஷ்போட்டுக்குள் இருந்த ஏசி பில்டரைக் கழற்றித் தட்டினேன். செத்த கரப்பான் ஒன்று விழுந்தது, காற்று வரவில்லை. தெஹிவளையில் ஒரு கராஜ்காரர், காஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி நிரப்பினார். முன்னால் இன்னும் குளிர்ந்தது. பின்னால் பழைய குருடி கதவைத் திறடி.

இவ்வளவுக்கும் அம்மா ஒத்துழைத்தாரா என்றால், இல்லை. "விடு மகன், நான் விசிறி ஒண்டு கொண்டு வாறன்" என்றார். காரைக் கழற்றிப் பழுதாக்கிப் போடாதே என்று புத்தி வேறு சொன்னார். எனக்குச் சுர்ரென்று வந்தது. யாருக்காக இந்தப் பாடு படுகிறேன்?

கடைசியில் இரத்மலானையில் ஏசி வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு முஸ்லிம் மெக்கானிக் பாஸிடம் போனேன். கராஜ் என்றாலே மூக்கைப் பொத்துகிற அம்மா, அன்றைக்கு மட்டும் தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார்.

பாஸ் ஒன்றையும் அவசரப்பட்டுக் கழற்றவில்லை. முன்னால் கை வைத்துப் பார்த்தார், பின்னால் கை வைத்துப் பார்த்தார். இந்தக் காரில் பின்னுக்கென்று தனி மின்விசிறி கிடையாது, முன்னால் வருகிற காற்றில் ஒரு பங்குதான் குழாய் வழியே பின்னுக்குப் போகிறது, முன்னால் அடிக்கிறதென்றால் காஸிலும் பிழையில்லை, பில்டரிலும் பிழையில்லை என்றார்.

"குழாய்க்குள்ள என்னமோ அடச்சி ஈக்கி, சேர்."

காற்றுவாயின் மூடியை நெம்பப் போனார். அது நெம்பாமலே கையோடு வந்துவிட்டது. யாரோ முன்பே கழற்றியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே குறடு ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். பால்மா பக்கற்றில் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு இறுக்கிய நீளமான சுருள் ஒன்று வெளியே வந்தது. பாஸ் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். குண்டாக இருக்குமோ என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே நினைப்புத்தான்.

"அது என்ர" என்றார் அம்மா.

பொனற்றின் மேல் வைத்துப் பிரித்தேன். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், காலமான அப்பாவுடையது, என்னுடையது, மனைவியுடையது, நாலு வயது மகளுடையது. கல்யாணச் சான்றிதழ்கள். பிளாட் உறுதிப் பத்திரத்தின் பிரதி. எனக்கு வந்ததே கோபம்! போன வருடம் என் பிறப்புச் சான்றிதழைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்கித் தேடி, புதுப் பிரதி எடுக்கக் கச்சேரி அலுவலக வரிசையில் இரண்டு நாள் நின்றிருக்கிறேன். இரண்டு நாளும் எனக்குச் சோறு கட்டித் தந்து அனுப்பியவர் இதே அம்மா.

இதை அலுமாரியில் வைத்தால் ஆகாதா என்று கத்திவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. "எண்பத்திமூண்டு கலவரத்தில உன்ர அப்பா அலுமாரித் திறப்பைத்தான் தேடிக்கொண்டு நிண்டவர். அதுக்குள்ள வீட்டுக்கு நெருப்பு வச்சிட்டாங்கள். பிறகு, நான் இங்கதான் பிறந்தனான் எண்டு காட்ட எனக்கு ரெண்டு வருசம் போச்சு. ஓடுறதெண்டா காரிலதானே ஓடுவம்?"

அந்த ஜூலையில் நான் கைக்குழந்தை. வெள்ளவத்தையில் வாடகை வீடு எரிந்த கதை தெரியும். அப்பா சாவி தேடிய கதையை அன்றுதான் கேட்டேன். கோபம் இறங்கிவிட்டது, ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பாங்க் லொக்கர் எதற்கு இருக்கிறது என்றேன்.

"பாங்க் ஒன்பது மணிக்குத்தானே மகன் திறப்பாங்கள்?"

பாஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் குறட்டைத் துடைத்தபடி, "எங்கட வீட்டுல பேப்பரெல்லாம் அரிசி வாளிக்குள்ள ஈக்கி, உம்மா" என்றார்.

மயங்கி விழுந்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்று அம்மாவைக் கேட்டேன்.

"மயக்கம் தெளியும். இது போனா வராது."

பெரியம்மாவைப் பார்க்க முடியாமல் போயிருக்குமே என்று கேட்க வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அதையும் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

டிக்கியில் ஸ்பெயார் வீலுக்கு மேலே, பலகைக்குக் கீழே, ஈரம் படாத இடம் ஒன்றைப் பாஸ் காட்டித் தந்தார். அம்மா இரண்டு தரம் கை விட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். பின்னால் காற்று அடித்த அடியில் அம்மாவின் முன்மயிர் பறந்தது. குளிருகிறது, கொஞ்சம் குறை என்று புதிதாக ஒரு முறைப்பாடு தொடங்கியது. கேற்றைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை, காரை நிறுத்தினேன். எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி இறங்கி, மேலே ஓடிப்போய் என்னுடைய, மனைவியுடைய, மகளுடைய பாஸ்போட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தேன். டிக்கியைத் திறந்து, பலகையைத் தூக்கி, ரப்பர் பட்டியைக் கழற்றினேன். மனைவி இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். இனி நக்கலடிக்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்தே கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்த தன் பட்டச் சான்றிதழை நீட்டினாள்.